ரயான் பஞ்சுக்கு வரி போட்டால் தறிக்காரருக்கு என்ன?

ஈரோடு வட்டாரத்தில் ரயான் துணி நெய்யும் விசைத்தறிக்காரர், நூல் விலை என்ன என்று தினமும் விசாரிப்பார். அந்த நூலின் மூலப்பொருளான விஸ்கோஸ் பஞ்சு சீனாவிலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ வந்தால், 2010 முதல் 2021 வரை அதற்குத் தனியாக ஒரு வரி கட்ட வேண்டியிருந்தது. பொருள் குவிப்புத் தடுப்பு வரி என்பது அதன் பெயர். 2016-ல் அதை நீட்டித்தபோது, எந்த ஆலையின் சரக்கு என்பதைப் பொறுத்து, கிலோவுக்கு 0.103 முதல் 0.512 டாலர் வரை விதித்தார்கள். டாலர் 70 ரூபாய் என்று வைத்தால், ஏறக்குறைய 7 ரூபாயிலிருந்து 36 ரூபாய் வரை.

மலிவாக விற்பது மட்டுமே குற்றமாகாது. தன் நாட்டில் 150 ரூபாய்க்கு விற்கும் சரக்கை ஓர் ஆலை இங்கே 120-க்கு அனுப்பினால் 30 ரூபாய் குவிப்பு. அதனால் உள்நாட்டு உற்பத்தியாளருக்குக் கணிசமான பாதிப்பு வந்தது என்றும், பாதிப்புக்கு இந்த இறக்குமதிதான் காரணம் என்றும் காட்டினால்தான் வரி. பாதிப்பைச் சரிக்கட்ட 20 ரூபாய் போதும் என்றால் 20-க்கு மேல் போட மாட்டார்கள். அயல்நாட்டு அரசு மானியம் கொடுத்து விலையை இறக்கியிருந்தால் அதற்கு ஈடுசெய் வரி என்று வேறொன்று உண்டு. நம் ஏற்றுமதியும் இதற்குத் தப்பவில்லை: இந்திய இறாலுக்கு அமெரிக்கா 2024-ல் பொதுவாக 5.77 சதவீத ஈடுசெய் வரியை முடிவு செய்தது.

பாதிக்கப்பட்ட உற்பத்தியாளர், மத்திய வர்த்தக அமைச்சகத்தின் கீழ் உள்ள வர்த்தகத் தீர்வுத் தலைமை இயக்குநரகத்தில் மனு கொடுக்கலாம். நாட்டின் மொத்த உற்பத்தியில் குறைந்தது 25 சதவீதம் மனுவை ஆதரிப்பவர்களிடம் இருக்க வேண்டும். சிறு தொழில்கள் தனித்தனியாக அலையாமல் சங்கமாகச் சேர்வது இதனால்தான். இயக்குநரகம் விசாரித்துப் பரிந்துரைக்கும். விதிப்பதா வேண்டாமா என்பது நிதி அமைச்சகத்தின் கையில்.

இந்த ஏற்பாட்டில் எனக்கு உறுத்துவது, காப்பாற்றப்படுபவர் ஒருவர், காசு கட்டுபவர் இன்னொருவர் என்பதே. விஸ்கோஸ் பஞ்சைப் பொறுத்தவரை இந்தியாவில் கிராசிம் ஏறக்குறைய ஒரே உற்பத்தியாளர். ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியதாகச் சொல்லி 2020-ல் போட்டி ஆணையம் அந்த நிறுவனத்துக்கு 301.61 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போனது. வரியை எடுக்கச் சொல்லி நூற்பாலைகள் தொடர்ந்து வற்புறுத்தின. 2021 ஆகஸ்டில் வரி போனது. வேடிக்கை என்னவென்றால், நூற்பாலைகள் தரப்பே இறக்குமதி விஸ்கோஸ் நூலுக்கு வரி கேட்டது; அப்போது எதிர்ப்பது தறிக்காரர் முறையானது.

எதிர்க்கவும் சட்டத்தில் இடம் உண்டு. விசாரணை தொடங்கும் அறிவிப்பு அரசிதழில் வரும். பதில் தர வழக்கமாக 30 நாள். இறக்குமதியாளர், அப்பொருளை மூலப்பொருளாகப் பயன்படுத்தும் தொழில்கள், அவர்களுடைய சங்கங்கள், சில்லறையில் விற்கும் பொருளானால் நுகர்வோர் அமைப்புகள்கூடக் கருத்துச் சொல்லலாம். "வரி வந்தால் செத்தோம்" என்று ஒரு பக்கக் கடிதம் அனுப்பிப் பயனில்லை. துணியின் அடக்கவிலையில் நூலின் பங்கு எவ்வளவு, உள்நாட்டில் ஆர்டர் கொடுத்தால் எத்தனை நாளில் சரக்கு வருகிறது, எவ்வளவு கிடைக்காமல் போனது என்று பில்லோடு எழுத வேண்டும். ரகசியக் கணக்கு உள்ள பிரதி ஒன்று, எதிர்த்தரப்புக்குக் காட்டத்தக்க பிரதி ஒன்று என இரண்டு கொடுக்க வேண்டும். யாரும் பதில் தராவிட்டால், கையில் உள்ள தகவலை வைத்தே முடிவெடுப்பார்கள்.

இறக்குமதி செய்பவர் ஆர்டர் போடுமுன் சரக்கின் சுங்கக் குறியீடு, உற்பத்தியான நாடு, ஆலையின் பெயர் மூன்றையும் வரி அறிவிக்கையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. மூன்றாவது நாடு வழியாகச் சுற்றிவந்த சரக்கு என்று தெரிந்தால் அதற்கும் வரியை நீட்டிக்க விதி இருக்கிறது. ஏற்றுமதிக்காகவே மூலப்பொருள் வாங்குபவர் முன்அனுமதித் திட்டத்தின் கீழ் கொண்டுவந்தால் இந்த வரி கிடையாது. உண்மையான குவிப்பு வித்தியாசத்தைவிட அதிகம் கட்டியிருந்தால் திரும்பக் கேட்கலாம். வரி விதித்த முடிவே தவறு என்று நினைப்பவர் சுங்க, கலால், சேவை வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கு 90 நாளுக்குள் போகலாம். உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போடுவது மட்டும் அரசுகளுக்கே உரிய உரிமை. தனி ஆலையோ சங்கமோ அரசிடம்தான் முறையிட வேண்டும்.