வின்செஸ்டரும் விண்ணப்பமும்

தேனாம்பேட்டையில் வளர்ந்தவர்களுக்கு லீவர் ரைபிள் அறிமுகமானது கடையில் அல்ல, சினிமாக் கொட்டகையில். ஜெமினி முனைக்கு அருகே மவுண்ட் ரோட்டில் 1964இல் திறந்த சஃபையர் வளாகத்தில் மூன்று அரங்குகள். அவற்றில் புளூ டைமண்டுக்குள் எந்த நேரத்திலும் நுழையலாம், எப்போது வேண்டுமானாலும் எழுந்து வரலாம். ஆங்கிலக் கௌபாய் படங்களில் குதிரைக்காரன் ரைபிளின் அடியில் இருக்கும் வளையத்தைக் கீழே தள்ளி மேலே இழுப்பான். வெற்றுத் தோட்டா தெறித்து விழும், அடுத்த குண்டு தயாராகிவிடும். 1972இல் கர்ணன் இயக்கி ஜெய்சங்கர் நடித்த ‘கங்கா’வும் ‘ஜக்கம்மா’வும் அந்த உலகத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தன. பிறகு, 1980களில், சிவகாசியிலிருந்து வந்த லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லர் வின்செஸ்டர் லீவர் ரைபிளும் கையுமாக வந்து சேர்ந்தார். இன்று சஃபையர் இல்லை. டெக்ஸ் வில்லர் மட்டும் இன்னும் சுட்டுக்கொண்டிருக்கிறார்.

நிஜத் துப்பாக்கி வாங்குவோருக்கும் அன்று மவுண்ட் ரோடே வழி. கடிகாரத்துக்குப் பேர்போன பி. ஆர் அண்ட் சன்ஸ் ஒருகாலத்தில் துப்பாக்கியும் விற்ற கடை. மெட்ராஸ், ரங்கூன் என்ற ஊர்ப்பெயர்களோடு அந்தக் கடையின் பெயர் பொறித்த பழைய ரைபிள்கள் இன்றும் வெளிநாட்டு ஏலங்களில் தலைகாட்டுகின்றன. கடை அதே சாலையில் இருக்கிறது, கடிகாரக் கோபுரமும் இருக்கிறது. துப்பாக்கி மட்டும் போய்விட்டது.

அன்று முதல் ரைபிள் வாங்கப் போனவரிடம் முதலில் எழுந்த கேள்வி, எதைச் சுடப்போகிறீர்கள் என்பதுதான். கடமானா, காட்டெருமையா, புலியா? அதற்கேற்ப குழலின் விட்டம், குண்டின் எடை, விலை எல்லாம் முடிவாகும். வாங்குபவர் யார் என்பதை அரசு முன்பே தீர்த்து வைத்திருந்தது. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் வைஸ்ராய் லிட்டன் காலத்தில் வந்தது. அதன் விதிகள் ஐரோப்பியருக்கு விலக்கு அளித்தன, இந்தியரை லைசென்ஸுக்காக வரிசையில் நிறுத்தின. அப்பட்டமான பாரபட்சம் அது. காந்தி அதை வெறுத்ததில் வியப்பில்லை. ஆனால் வரிசையைக் கடந்து கடைக்குள் நுழைந்துவிட்டவருக்கு, அதன்பின் பேச்சு முழுவதும் துப்பாக்கியைப் பற்றியதே.

இருந்தாலும் சட்டம் குழலுக்குள்ளும் எட்டிப் பார்த்தது. கிளர்ச்சிக்காரர் கையில் ராணுவத் தோட்டா சேர்ந்துவிடக் கூடாது என்று .450, .303 போன்ற படைத்துறை அளவுகளைத் தனியார் வைத்திருக்கத் தடை வந்தது. இந்தியாவை நம்பித் தொழில் நடத்திய லண்டன் துப்பாக்கிக்காரர்கள், 1907ஐ ஒட்டி, .465, .470, .475 என்று புதுப்புது அளவுகளை உருவாக்கினார்கள். யானை வேட்டைக்காரர்கள் இன்றும் கொண்டாடும் .470 பிறந்தது ஒரு காலனி அரசின் அச்சத்தில். அமெரிக்காவிலிருந்து வந்த வின்செஸ்டரின் .405 இந்தத் தடைக்குள் சிக்கவில்லை.

அந்த .405 தமிழ்க் காட்டில் பெயர் பெற்றது கென்னத் ஆண்டர்சனால். 1910இல் பிறந்து 1974இல் மறைந்தவர், பெங்களூர்வாசி. அவர் ஆட்கொல்லிகளைத் தேடி அலைந்த ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் ஆகியவை அன்று சென்னை மாகாணத்தின் சேலம் மாவட்டத்தில் இருந்தன. 1965இல் தர்மபுரி பிரிந்தது, 2004இல் கிருஷ்ணகிரி பிரிந்தது. ஜிம் கார்பெட்டின் பெயரோடு ஒட்டிக்கொண்டது .275 ரிக்பி, போல்ட் இழுத்துச் சுடுவது. ஆண்டர்சனுடையது 1895 மாடல் வின்செஸ்டர், லீவர் தள்ளிச் சுடுவது. 1954இல் வெளியான அவருடைய முதல் வேட்டை நூலைப் படித்தவர்களுக்கு அந்த ரைபிளும் ஒரு பாத்திரமாகவே நினைவிருக்கும்.

ஆண்டர்சன் கையில் ஏன் அது என்று கேட்டால் விடை எளிது. ஆங்கிலேய இரட்டைக்குழல் ரைபிள் கையால் இழைத்துச் செய்வது, பெரிய துரைகளுக்கும் ஜமீன்தார்களுக்கும் கட்டுப்படியாகும் பொருள். வின்செஸ்டர் தொழிற்சாலைச் சரக்கு, விலை மிகக் குறைவு. இரட்டைக்குழலில் இரண்டு குண்டுதான். இதில் பெட்டியில் நான்கு, அறையில் ஒன்று என ஐந்து. வடிவமைத்தவர் ஜான் பிரௌனிங். அவருடைய முந்தைய மாடல்களில் தோட்டாக்கள் குழலின் அடியிலுள்ள நீண்ட குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். ஒன்றின் மூக்கு முன்னதன் அடிப்பகுதியில் உள்ள எரிமருந்தைத் தொடும். கூர்முனைக் குண்டைப் போட்டால் உள்ளேயே வெடிக்கும் அபாயம் உண்டு. அதனால் அவற்றில் மழுங்கிய முனைதான். 1895 மாடலில் பெட்டி வைத்ததும் இந்தத் தொல்லை நீங்கியது. 1909இல் ஆப்பிரிக்கா போன தியோடர் ரூஸ்வெல்ட் சிங்கத்துக்கு அதையே எடுத்துச் சென்றார். குறையும் உண்டு: தரையில் படுத்துச் சுடும்போது லீவர் மண்ணில் இடிக்கும். மரத்தின் மேல் பரணில் உட்கார்ந்து காத்திருப்பவருக்கு அது குறையே இல்லை.

பிறகு கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. பழைய சட்டத்துக்குப் பதிலாக 1959இல் புதிய ஆயுதச் சட்டம் வந்தது, 1962 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்பின்னும் சில விலங்குகளை லைசென்ஸ் பெற்று வேட்டையாட இடமிருந்தது, 1991 திருத்தம் அதையும் எடுத்துவிட்டது. 1980களின் நடுவில் சாதாரண மக்களுக்கு வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி நின்றது. வரவு நின்றதும் விலை தலைகீழானது. ஏழை வேட்டைக்காரனின் வின்செஸ்டர், உள்ளே மாட்டிக்கொண்ட பழைய சரக்கு என்ற ஒரே காரணத்தால், வாரிசுகளிடையே அரிய பொருளாயிற்று. 2019 திருத்தம் ஒருவர் மூன்று வைத்திருக்கலாம் என்பதை இரண்டாக்கியது. தாத்தாவின் ரைபிள், மாமாவின் டபுள் பேரல், சொந்தப் பிஸ்டல் என்று மூன்று வைத்திருந்தவர் ஒன்றைக் கைவிட வேண்டியதாயிற்று.

இன்று தேனாம்பேட்டைக்காரர் ஒருவர் முதல் ரைபிள் வாங்க நினைத்தால், கடைக்குப் போவது கடைசி வேலை. முதல் வேலை விண்ணப்பம். சென்னையில் லைசென்ஸ் தருபவர் காவல் ஆணையர், மற்ற மாவட்டங்களில் பெரும்பாலும் ஆட்சியர். ஆணையர் அலுவலகம் 2013இல் எழும்பூரிலிருந்து வேப்பேரிக்கு மாறியது, விண்ணப்பம் தாளிலிருந்து கணினிக்கு மாறியது. 2016ஆம் ஆண்டின் விதிகள்படி மருத்துவச் சான்று வேண்டும், பாதுகாப்பாகக் கையாளப் பயின்றதற்குச் சான்று வேண்டும், வீட்டில் பூட்டி வைக்க ஏற்பாடு வேண்டும். அக்கம்பக்கம் விசாரித்து உள்ளூர் காவல் நிலையம் அறிக்கை அனுப்பும். தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு, முடிவு வந்தபின் திரும்பப் பெற வேண்டும். அன்றைய கேள்வி எதைச் சுடப்போகிறீர்கள் என்பது. இன்றைய கேள்வி, உங்களுக்கு எதற்கு என்பது.

இந்தக் கேள்வியைக் கேட்பது நியாயம் என்றே நினைக்கிறேன். தேனாம்பேட்டையில் அடுக்குமாடிகள் நெருக்கியடிக்கும் எல்டாம்ஸ் ரோட்டில் ஒரு .405 யாருக்கும் தேவையில்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கடந்தவருக்கும் தேர்ந்தெடுக்க அதிகம் இல்லை. அரசுத் தொழிற்சாலைகளின் பட்டியலில் ரைபிள் என்றால் பெரும்பாலும் இஷாபூரின் .315. பழைய லீ என்ஃபீல்டின் உடல், .303 தடையைத் தாண்டுவதற்காகப் போட்ட வேறு குழல். திருச்சியில் சிறு ஆயுதங்கள் செய்யும் அரசுத் தொழிற்சாலை இருந்தும், லீவர் ரைபிள் ஆசைக்காரருக்கு அங்கே எதுவும் இல்லை. கைமாறும் பழசு கிடைத்தால் உண்டு, அதற்குத் தோட்டா கிடைப்பது அதைவிடக் கடினம். இன்னொரு வழியும் சட்டத்திலேயே இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற ரைபிள் கிளப் உறுப்பினருக்கு இலக்குப் பயிற்சிக்காக .22 ரைபிள் லைசென்ஸ் தர 1959 சட்டம் இடம் கொடுக்கிறது. சென்னை இளைஞர்கள் இன்று பெரும்பாலும் கையில் எடுப்பது ஏர் ரைபிள். பத்து மீட்டர் தூரம், 4.5 மில்லிமீட்டர் குண்டு, காகித இலக்கு.

வேட்டை போனதால் சுடும் திறமை போய்விடவில்லை. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஏர் ரைபிளில் உலக அளவில் பதக்கம் வென்றவர். புதுக்கோட்டை அரச குடும்பத்தின் பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வானில் பறக்கும் களிமண் தட்டைச் சுட்டார். முந்தைய தலைமுறை அரச குடும்பங்கள் பறவையைச் சுட்ட அதே இரட்டைக்குழல் வகைதான்.

காட்டின் கணக்கும் மாறியது. தமிழ்நாட்டில் 2006 கணக்கெடுப்பில் 76 புலிகள். 2022இல் 306. அவற்றை இன்று அடையாளம் காண்பது மரத்தில் கட்டிய தானியங்கிக் கேமராவில் பதியும் வரிகளைக் கொண்டு. இந்தப் பாதையில் முன்னே நடந்தவர் தேனாம்பேட்டைக்குப் பக்கத்திலேயே இருந்தார். எட்வர்ட் எலியட்ஸ் ரோட்டில், இன்றைய ராதாகிருஷ்ணன் சாலையில், காட்டுயிர்களைப் படமெடுத்த மா. கிருஷ்ணன். எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன், 1912இல் பிறந்து 1996இல் மறைந்தவர். காட்டுக்குள் அவர் கொண்டுபோன ஆயுதம், பல கேமராக்களின் பாகங்களைக் கோத்துத் தானே கட்டிய ஒரு பூதாகாரக் கேமரா. அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் வைத்திருந்தார்.

இழப்பும் உண்டு, அதை நகரத்தில் தேடினால் தெரியாது. பென்னாகரம் பக்கத்தில் பன்றி புகுந்த நிலத்துக்காரர், அன்றென்றால் ஊரில் துப்பாக்கி வைத்திருந்த ஒருவரிடம் போய்ச் சொல்வார். இன்று வனத்துறைக்கு மனு எழுதுகிறார். 2025 தொடக்கத்தில் தமிழக அரசு காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளைச் சுட அனுமதித்தது. சுடுவது வனத்துறையினர்தான், விவசாயி அல்ல. போய்விட்ட இன்னொன்று கைப்பழக்கம். தோளுக்கு எவ்வளவு நீளக் கட்டை பொருந்தும், மழைக்காலத்தில் குழலுக்கு எந்த எண்ணெய் போடுவது என்று சொல்லத் தெரிந்த கடைக்காரர்கள் குறைந்துவிட்டார்கள். மிச்சமிருக்கும் துப்பாக்கிக் கடைகளில் வாடிக்கையாளர் பெரும்பாலும் கேட்பது லைசென்ஸ் புதுப்பிப்பதைப் பற்றித்தான்.

முதல் லீவர் ரைபிளைத் தேர்ந்தெடுக்கும் பழைய பேச்சு இன்று தமிழில் கேட்க வேண்டுமானால் டெக்சஸுக்குத்தான் போக வேண்டும். அதற்கான விசா வரிசையும் ஜெமினி முனையில்தான், அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் வாசலில். போய்ச் சேர்ந்த பிள்ளை வார இறுதியில் கடையில் நின்று யோசிக்கிறான்: பழகுவதற்கு ஹென்றி .22 போதுமா, .38 தோட்டாவையும் விழுங்கும் .357 வாங்கலாமா, மான் வேட்டைக்கென்று .30-30 எடுக்கலாமா? நியூ ஹேவனில் இருந்த பழைய வின்செஸ்டர் ஆலை 2006இல் மூடிவிட்டது, இப்போது அந்தப் பெயரில் ஜப்பானில் செய்கிறார்கள். மார்லினை 2020இல் ரூகர் வாங்கிவிட்டது. கிரீன் கார்டு வைத்திருப்பவருக்குத் தடை இல்லை. எச்-1பி விசாவில் இருப்பவர் அந்த நாட்டுச் சட்டப்படி துப்பாக்கி வாங்க முடியாது, ஒரு விலக்கு உண்டு. முதலில் வேட்டை லைசென்ஸ் ஒன்று எடுக்க வேண்டும். ஊரில் அவனுடைய தாத்தா காலத்தில் மாவட்ட வன அலுவலகத்தில் கிடைத்த தாள் அது. அங்கே பணம் கட்டினால் இன்றும் கிடைக்கிறது.