பச்சிளங்குழந்தையும் மஞ்சள் காமாலையும்

பிறந்த சில நாளில் குழந்தையின் கண்ணும் தோலும் மஞ்சளாவதை நம் வீடுகளில் பலரும் கண்டிருப்போம். சிவப்பணுக்கள் சிதையும்போது பிலிருபின் என்னும் மஞ்சள் நிறமி உண்டாகிறது. அதை வெளியேற்றும் அளவுக்குக் குழந்தையின் கல்லீரல் முதிர்ந்திருக்காது. பெரும்பாலும் இது தானே தணியும். மிக அதிகமானால் மூளையைத் தாக்கிச் செவித்திறனையும் உடலசைவையும் நிரந்தரமாகப் பாதிக்கும்.

'காலை வெயிலில் காட்டினால் போதும்' என்பார்கள் பாட்டிமார்கள். இதில் ஓர் உண்மை உண்டு. 1950களில் இங்கிலாந்தின் ரோச்ஃபோர்டு மருத்துவமனையில், வெயில் பட்ட இடத்தில் மஞ்சள் குறைவதைத் தாதி ஜீன் வார்ட் கவனித்தார். அதிலிருந்தே ஒளிச் சிகிச்சை பிறந்தது. ஆனால், வெயிலின் அளவு நம் கையில் இல்லை. தோல் புண்ணாகலாம், உடல் நீர் வற்றலாம். மருத்துவமனையின் நீல ஒளியோ அளவறிந்து தரப்படுவது.

மலேசியாவில் குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி நொதிக் குறைபாடு சோதிக்கப்படுகிறது. இக்குறைபாடுள்ள குழந்தைக்கு அந்துருண்டையின் நெடிகூட ஆபத்து. சிவப்பணுக்கள் வேகமாகச் சிதையும். எனவே, அந்துருண்டை போட்டு வைத்த துணியை அணிவிக்கக் கூடாது.

முதல் 24 மணி நேரத்திலேயே மஞ்சள் தெரிந்தாலோ, குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ, பத்தியக் காலம் முடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். இதை வீட்டுப் பெரியவர்களிடம் பக்குவமாக எடுத்துச் சொல்வது படித்த நம் கடமையாகும்.