இன்ஜின் கட்டியாச்சு... ஆயில் எது மச்சி?

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் எந்த காலேஜ் பார்க்கிங்கிலும் ஒரு நிமிஷம் நின்னு பாருங்க. பளபளன்னு நிற்கிற புது வண்டிகளுக்கு நடுவுல ஒரு பழைய ஆர்.எக்ஸ். 100 இருக்கும். இல்லைன்னா ஒரு ஷோகன். ஓனருக்கு வயசு இருபது, வண்டிக்கு முப்பது! அப்பாவோ சித்தப்பாவோ ஓட்டி ஓய்ஞ்சு, வீட்டுப் பின்னாடி சாக்கு போட்டு மூடிக் கிடந்த வண்டி. செமஸ்டர் லீவுல தூசு தட்டி, லேத்துக்குக் கொண்டு போய், போர் பண்ணி, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, கிராங்க் பேரிங் மாத்தி... பார்ட் டைம் வேலை பார்த்துச் சேர்த்த காசு மொத்தமும் அந்தச் சின்ன சிலிண்டருக்குள்ள போயிருக்கும்.

இவ்வளவு வேலையையும் மெக்கானிக் அண்ணன் பார்த்துக்குவார். கடைசியா ஒரே ஒரு முடிவு மட்டும் உங்க கைக்கு வரும். "தம்பி, கடைக்குப் போய் ஆயில் வாங்கிட்டு வா!"

அங்கேதான் ஆரம்பிக்குது குழப்பம். 'ரேஸ் ஆயில் போடு மச்சி, பறக்கும்'னு ஒருத்தன். 'இருக்கிறதிலேயே காஸ்ட்லியானதை வாங்கு'ன்னு இன்னொருத்தன். விஷயம் என்னன்னா, நல்ல ஆயில்னு பொதுவா ஒண்ணு கிடையாது. உங்க இன்ஜினுக்குப் பொருந்துற ஆயில், பொருந்தாத ஆயில்... இந்த ரெண்டுதான் உண்டு. விலைக்கும் அதுக்கும் சம்பந்தம் கம்மி.

நம்ம ஊர் கதை

பழைய பைக் மோகம் மத்த ஊர்களிலும் உண்டு. ஆனா ஓசூருக்கு ஒரு தனி உரிமை இருக்கு. 1980-ல் டி.வி.எஸ். 50 மொபெட் பிறந்தது இங்கேதான். 1984-ல் சுசுகியோடு கைகோத்து 'இண்ட்-சுசுகி' பெயரில் 100 சிசி பைக் இறக்கினார்கள். அப்புறம் சாமுராய், ஷோகன்னு வரிசையா டூ ஸ்ட்ரோக் வண்டிகள். 2000-ல் ஃபோர் ஸ்ட்ரோக் ஃபியரோ. 2001-ல் சுசுகியும் டி.வி.எஸ்ஸும் பிரிந்தார்கள். 2006-ல் அபாச்சி வந்தது.

இன்னிக்கு இதே மாவட்டத்தில், ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும், இன்ஜின் ஆயிலே தேவைப்படாத எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்கள் தயாராகின்றன. ஆனாலும் பழைய இன்ஜின் சத்தத்துக்கு மயங்குற கூட்டம் குறையவில்லை. சிப்காட்டைச் சுற்றி லேத், போரிங், வெல்டிங் பட்டறைகளுக்கும் பஞ்சம் இல்லை. இன்ஜின் கட்டறது ஈஸி. கட்டின இன்ஜினைக் காப்பாத்துறதுதான் மேட்டர்!

முதல் கேள்வி: ரெண்டா, நாலா?

ஆர்.எக்ஸ். 100, ஷோகன், சாமுராய் எல்லாம் டூ ஸ்ட்ரோக். ஃபியரோ, அபாச்சி, புல்லட் எல்லாம் ஃபோர் ஸ்ட்ரோக். ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஆயில் அடியில் தங்கி, சுற்றிச் சுற்றி வரும். டூ ஸ்ட்ரோக்கில் அப்படி இல்லை. ஆயில் பெட்ரோலோடு சேர்ந்து உள்ளே போய், பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் வழுவழுப்பு கொடுத்துவிட்டு, கடைசியில் எரிந்து புகையாகப் போய்விடும். அதனால் 2டி ஆயில் சுத்தமாக எரியணும். சாம்பல் மிஞ்சக் கூடாது. வீட்டில் மீந்து கிடக்கும் 4டி ஆயிலை 2டி தொட்டியில் ஊற்றினால் பிளக்கில் கரி, சைலன்ஸரில் அடைப்பு... கடைசியில் நடைராஜா சர்வீஸ்தான்!

2டி கேன் பின்னாடி சின்ன எழுத்தில் ஜேசோ தரம் போட்டிருக்கும். ஜப்பான்காரர்கள் வகுத்தது. எஃப்.பி. சாதா ரகம், எஃப்.சி. குறைந்த புகை, எஃப்.டி. அதைவிடச் சுத்தம். ரோட்டில் ஓடும் பழைய பைக்குக்கு எஃப்.சி. அல்லது எஃப்.டி. பார்த்து வாங்கினால் போதும். டி.சி.-டபிள்யூ3 என்று ஒரு ரகம் இருக்கிறது. அது தண்ணீரால் குளிரும் படகு இன்ஜினுக்கானது. காற்றால் குளிரும் நம்ம பைக்கின் சூட்டுக்கு அது சரிப்படாது.

அளவு? லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி என்றால் 50-க்கு 1. 40 மில்லி என்றால் 25-க்கு 1. உங்க வண்டிக்கு எது என்று மேனுவலில் பாருங்க. அல்லது இன்ஜின் கட்டியவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்குங்க. 'இன்னும் கொஞ்சம் ஊத்தினா சேஃப்டி'ன்னு நினைக்காதீங்க. ஆயில் கூடக் கூட, கார்பரேட்டர் ஜெட் வழியாகப் போகும் பெட்ரோல் குறையும். கலவை லீன் ஆகும், சூடு ஏறும். காப்பாத்தணும்னு ஊத்தினதே கவுத்துடும்!

ஆர்.எக்ஸ். 100 போலத் தனி 2டி தொட்டியும் பம்ப்பும் உள்ள வண்டியா? இன்ஜினைக் கழற்றி மாட்டும்போது ஆயில் டியூபில் காற்று புகுந்திருக்கும். அதை வெளியேற்றாமல் கிளப்பினால் முதல் சில நிமிஷம் பிஸ்டன் காய்ந்துதான் ஓடும். புத்திசாலி மெக்கானிக் என்ன செய்வார் தெரியுமா? பம்ப்பில் காற்று எடுத்துவிட்டு, முதல் டேங்க் பெட்ரோலிலும் கொஞ்சம் 2டி கலந்துவிடுவார். டபுள் இன்ஷூரன்ஸ்!

இறக்கத்தில் இருக்கு ஆபத்து

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரி அதைவிட நானூறு மீட்டர் போலத் தாழ்வு. அதாவது ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் போகும் நெடுஞ்சாலை மொத்தத்தில் இறக்கம்தான். பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டுகிற டூ ஸ்ட்ரோக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறீர்கள். நீளமான இறக்கம் வருகிறது. ஆக்சிலேட்டரை முழுசா மூடிவிட்டு கியரிலேயே விடுகிறீர்கள். இன்ஜின் வேகமாகச் சுற்றுகிறது. ஆனால் பெட்ரோல் போகவில்லை. பெட்ரோல் போகலைன்னா ஆயிலும் போகலை. அலுமினிய பிஸ்டன் சூட்டில் விரிந்து சிலிண்டரைக் கவ்விக்கொள்கிறது. அதுதான் பிஸ்டன் ஜாம். அந்த நொடியில் பின் சக்கரம் அப்படியே லாக்! பின்னால் கன்டெய்னர் லாரி வரும் ரோடு அது. ஆயில் விஷயம் வெறும் காசு விஷயம் இல்லை பாஸ், உயிர் விஷயம்.

அதனால் இறக்கத்தில் அவ்வப்போது கிளட்ச்சைப் பிடித்து, ஆக்சிலேட்டரை லேசாக முறுக்கி விடுங்க. வண்டி திடீரென்று இழுத்துப் பிடிக்கிற மாதிரி தோன்றினால் யோசிக்காமல் கிளட்ச்சைப் பிடிங்க. புதுசா போர் பண்ணின வண்டியில் ரெண்டு விரல் எப்பவும் கிளட்ச் மேலேயே இருக்கட்டும்.

இப்போது இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் நமக்குப் பக்கத்திலிருக்கும் பெங்களூருவில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. இப்போது அதுதான் பரவலாகக் கிடைக்கிறது. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் பழைய கார்பரேட்டரில் கலவை லீன் ஆகும். லீன் என்றால் சூடு. ஆயில் எவ்வளவு உசத்தியா இருந்தாலும் ஜெட் சரியில்லைன்னா பிஸ்டன் தப்பிக்காது. மெயின் ஜெட், பிளக் நிறம் ரெண்டையும் பார்க்கச் சொல்லுங்க. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஆகவே ஆயில் கலந்த பெட்ரோலை மாதக்கணக்கில் டேங்கில் வைக்காதீங்க.

கிளட்ச்சுக்கும் அதே ஆயில்தான்

டூ ஸ்ட்ரோக் பைக்கில் 2டி தவிர கியர் பாக்ஸுக்கு ஒரு ஆயில் தனியா உண்டு. ஃபியரோ, அபாச்சி மாதிரி ஃபோர் ஸ்ட்ரோக்கில் இன்ஜின், கியர், கிளட்ச் மூணுக்கும் ஒரே ஆயில். ரெண்டிலுமே கிளட்ச் பிளேட்டுகள் ஆயிலில் நனைந்தபடிதான் வேலை செய்யும். மைலேஜ் கூட்டுவதற்காகச் சில கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் மருந்து சேர்த்திருப்பார்கள். அதை பைக்கில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். இன்ஜின் கத்தும், வண்டி போகாது!

இதற்குத்தான் ஜேசோ எம்.ஏ. என்ற முத்திரை. எம்.ஏ., எம்.ஏ.2 என்று இருந்தால் நனைந்த கிளட்ச்சுக்கு ஓகே. எம்.பி. என்றால் கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு.

கெட்டியா இருந்தா நல்லதா?

20டபிள்யூ-40 என்றால் என்ன? 'டபிள்யூ' என்பது குளிர்காலத்தைக் குறிக்கும். அதற்கு முந்தைய எண், குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதைச் சொல்கிறது. பிந்தைய எண், இன்ஜின் சூடான பிறகு எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதை. ஓசூர் எவ்வளவு குளிர்ந்தாலும் பனி உறையும் ஊர் இல்லை. மேனுவல் 20டபிள்யூ-40 சொன்னால் அதுவே போதும்.

தேய்ஞ்ச இன்ஜினின் சத்தத்தை அமுக்கக் கெட்டி ஆயில் ஊற்றும் பழக்கம் உண்டு. உங்க இன்ஜின்தான் இப்போ புதுசாச்சே! இடைவெளிகள் எல்லாம் இறுக்கமா இருக்கும். தேவைக்கு மேல் கெட்டியான ஆயில் காலையில் மேலே ஏற நேரமாகும். ரொம்ப நீர்த்த புது கார் ஆயிலும் வேண்டாம். மேனுவல் சொன்ன எண்... அவ்வளவுதான்.

புதுசெல்லாம் உசத்தி இல்லை

பழைய புல்லட்டின் கேமும் டேப்பட்டும் ஒன்றோடு ஒன்று உரசியே ஓடும். அந்த உரசலைத் தாங்க, துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த 'இசட்.டி.டி.பி.' என்ற மருந்தை 1940-களிலிருந்து ஆயிலில் சேர்த்து வருகிறார்கள். ஆனால் பாஸ்பரஸ், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும். எனவே 2004-ல் வந்த ஏ.பி.ஐ. எஸ்.எம். தரத்தில் நீர்த்த கார் ஆயில்களுக்கு பாஸ்பரஸ் உச்சவரம்பு 0.08 சதவீதம் என்று குறைத்தார்கள். புது காருக்கு அது நல்லது. பழைய கேமுக்கு அதுவே சத்துக் குறைவு.

பயப்படாதீங்க! ஜேசோ எம்.ஏ. பைக் ஆயிலில் பாஸ்பரஸ் 0.08 முதல் 0.12 சதவீதம் வரை இருக்கும். கிளட்ச்சுக்கும் நல்லது, கேமுக்கும் நல்லது. ஒரே கல்லில் ரெண்டு மாங்கா.

ரேஸ் ஆயில்? முன்பெல்லாம் ரேஸ்காரர்கள் விளக்கெண்ணெய் கலந்த ஆயிலை விரும்பினார்கள். 'காஸ்ட்ரால்' என்ற பெயரே 'காஸ்டர்' என்ற விளக்கெண்ணெயிலிருந்து வந்ததுதான். சூட்டைத் தாங்கும், ஆனால் பிசினாக ஒட்டும். ரேஸ் முடிந்ததும் இன்ஜினைப் பிரித்துத் துடைக்கும் டீமுக்கு அது சரி. தினமும் காலேஜ் போய் வருகிற உங்களுக்கு எதுக்கு?

முதல் 500 கிலோமீட்டர்

போர் பண்ணின சிலிண்டர் சுவரில் ஹோனிங் கோடுகள் குறுக்கும் நெடுக்கும் இருக்கும். பிஸ்டன் ரிங் அதில் லேசாகத் தேய்ந்து பொருந்தினால்தான் கம்ப்ரஷன் நிற்கும். அந்தத் தேய்மானம் ஆரம்பத்திலேயே நடக்கணும். அதனால்தான் அனுபவசாலி மெக்கானிக்குகள் பலர் ஃபோர் ஸ்ட்ரோக்கில் முதலில் சாதா மினரல் ஆயில் ஊற்றி, ரன்னிங் முடிந்த பிறகே சிந்தெட்டிக் பக்கம் போகிறார்கள்.

முதல் ஆயிலைச் சீக்கிரமே மாத்திடுங்க. வடித்த ஆயிலை வெயிலில் பாருங்க. மெல்லிசா மினுக்கும் தூள் சகஜம். விரலில் குத்தும் அளவுக்குத் துண்டு வந்தால் வண்டியை உடனே நிறுத்தி இன்ஜினைத் திறக்கச் சொல்லுங்க. வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீங்க. அது ஏரிக்கும் தென்பெண்ணைக்கும்தான் போகும். பழைய ஆயில் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்க. காலி கேனை ஓட்டை போட்டுத் தூக்கிப் போடுங்க; இல்லைன்னா அதுவே போலி ஆயிலோடு திரும்பி வரலாம்.

கடையில் நிற்கும்போது...

1. வண்டி டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா?
2. 2டி என்றால் கேனில் எஃப்.சி. அல்லது எஃப்.டி. இருக்கா?
3. 4டி என்றால் எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 இருக்கா?
4. மேனுவல் சொன்ன கெட்டி எண்தானா?
5. மூடியில் சீல் உடையாம இருக்கா? பில் கொடுப்பாங்களா?

அஞ்சுக்கும் பதில் சரின்னா, கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம். பிராண்ட் எதுவா இருந்தா என்ன? இன்ஜினுக்கு விளம்பரம் படிக்கத் தெரியாது மச்சி!