தழைக்கிறது மல்லிகை, பூக்க மறுக்கிறது... கார்த்திகையில் கத்தி எடுங்கள்!

திண்டிவனம், விழுப்புரம் பக்கம் கொல்லையில் பத்துச் செடி குண்டுமல்லி வைத்திருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது: ‘‘செடி இடுப்பு உயரம் நிக்குது, இலை கருகருன்னு இருக்கு, மொட்டைத்தான் காணோம்.’’ நோய் ஏதும் இல்லாத செடிகளில்கூட இந்த நிலை உண்டு. வெட்டாமல் விட்டதுதான் பெரும்பாலும் காரணம்.

மல்லிகை புதுத்தளிரின் நுனியில்தான் பூக்கும். முற்றிய பழைய குச்சியில் இலை வரும், பூ வராது. அதனால்தான் கவாத்து செய்யச் சொல்கிறார்கள். குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரம், பிச்சிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி. தரையிலிருந்து சுமார் ஒன்றரை அடி விட்டு, மேலே உள்ளதை எல்லாம் வெட்டிவிட வேண்டும். ஆசையாக வளர்த்த செடியை மொட்டையடிக்க வீட்டுப் பெண்களுக்கு மனசு வராது. வெட்டியவர் திட்டு வாங்குவதும் உண்டு. பங்குனியில் மொட்டு விட்டதும் அந்தக் கோபம் போய்விடும்.

விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. நவம்பர் கடைசி என்பது வடகிழக்குப் பருவமழை கொட்டும் நேரம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை பெய்தது. அப்படித் தண்ணீர் கட்டி நிற்கும் நேரத்தில் வெட்டினால் வெட்டுவாய் அழுகும், வேரும் மூச்சுத் திணறும். வாய்க்கால் எடுத்துத் தண்ணீரை வடித்து, நாலு நாள் வெயில் கண்ட பிறகு வெட்டலாம். பத்துப் பதினைந்து நாள் தள்ளிப்போனால் குடி முழுகிவிடாது. தடித்த குச்சிகளின் வெட்டுவாயில் காப்பர் ஆக்ஸிகுளோரைடைக் குழைத்துத் தடவுவது நல்லது.

வெட்டுவதற்கு முன்பு பாசனத்தை நிறுத்தி, மண்ணைக் காயவிட வேண்டும். வெட்டிய பிறகு மிச்சமுள்ள இலைகளையும், காய்ந்த, நோயுற்ற குச்சிகளையும் அகற்ற வேண்டும். பிறகு நன்கு வளர்ந்த செடி ஒன்றுக்கு 10 கிலோ மக்கிய தொழுவுரம், 65 கிராம் யூரியா, 375 கிராம் சூப்பர் பாஸ்பேட், 100 கிராம் பொட்டாஷ். தொழுவுரம் தவிர்த்து, மற்றவற்றை இதே அளவில் ஜூன்–ஜூலையில் இன்னொரு முறை வைக்கலாம். பலர் யூரியாவை மட்டும் கைநிறைய அள்ளிப் போடுகிறார்கள். அதுவும் தழை மட்டும் பெருக ஒரு காரணம். பாத்திரம் கழுவும் தண்ணீர் நாள் முழுக்க வேரில் ஊறினாலும் இதே கதைதான்.

கவாத்தும் உரமும் சரியாக இருந்தும் பூக்கவில்லை என்றால் அண்ணாந்து பாருங்கள். வேம்பு, தென்னை நிழலில் மல்லிகை பூக்காது. நாள் முழுக்க வெயில் வேண்டும். இளம் இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச்சத்துக் குறைவு. லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் ஃபெரஸ் சல்பேட் கலந்து, பசுமை திரும்பும்வரை மாதம் ஒருமுறை தெளிக்க வேண்டும். மொட்டு வந்தும் துளை விழுந்து உதிர்ந்தால், அது மொட்டுப்புழுவின் வேலை.

நட்டு ஆறு மாதமே ஆன செடி என்றால் அவசரம் வேண்டாம். நல்ல மகசூல் இரண்டாம் ஆண்டிலிருந்துதான். இரண்டு, மூன்று ஆண்டு கடந்தும் பூக்காத செடி இருந்தால், மண் மாதிரியை எடுத்துக்கொண்டு திண்டிவனம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம்.