எஞ்சின் நின்றாலும் இறக்கை இருக்கிறது



ஒற்றை எஞ்சின் கொண்ட சிறு விமானமொன்று 3000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருக்கிறது. திடீரென்று எஞ்சின் நின்றுவிடுகிறது. இனி விமானம் கல்லைப் போல் விழுந்துவிடும் என்றுதான் நம்மில் பலர் எண்ணுவோம். உண்மை அதுவன்று.

விமானத்தைத் தாங்குவது இறக்கைகளைத் தழுவி ஓடும் காற்று. அந்தக் காற்றோட்டத்திற்கு வேண்டிய வேகத்தைத் தருவதே எஞ்சினின் பணி. அது நின்றபின் விமானி தம் உயரத்தைச் சிறிது சிறிதாகச் செலவிட்டு வேகத்தைப் பெற்றுக்கொள்கிறார். பயிற்சிப் பள்ளிகளில் பெரிதும் வழங்கும் செஸ்னா 172 விமானம், மணிக்குச் சுமார் 120 கிலோமீட்டர் வேகத்தில் சறுக்கி இறங்கினால், ஒவ்வோர் 1000 அடிக்கும் ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர் செல்லும். 3000 அடியிலிருந்து தரை சேரச் சுமார் நான்கு நிமிடங்கள் உண்டு.

அந்த நான்கு நிமிடங்களில் பெரும் பகைவன் அச்சமே. தரை நெருங்கக் கண்டவர் தம்மையறியாமல் விமானத்தின் முகப்பை உயர்த்த முனைவார். அப்போது வேகம் குன்றும். இறக்கைகள் தாங்கும் ஆற்றலை இழக்கும். விமானம் உண்மையாகவே விழும். எனவே முதற்பாடம், முகப்பைத் தாழ்த்தி வேகத்தைக் காப்பது.

அடுத்து, எட்டும் தொலைவில் ஒரு சமவெளியைத் தேர்ந்துகொள்ள வேண்டும். மின்கம்பிகள் இல்லாத இடமாக அது இருத்தல் நலம். உழுத வயலானால் சால்களின் போக்கிலும், இயன்றவரை எதிர்காற்றிலும் இறங்க வேண்டும். அதை நோக்கிச் செல்லும்போதே எஞ்சினை உயிர்ப்பிக்க முயலலாம். ஒரு தொட்டியில் பெட்ரோல் தீர்ந்திருக்கலாம். வெப்பமான நாளிலும் ஈரக்காற்றினால் கார்புரேட்டரில் பனி உறைந்திருக்கலாம். இவற்றுக்குப் பின்னரே வானொலியில் “மேடே” என மும்முறை அறிவித்து உதவி கோருவது. இறுதியில் பெட்ரோலையும் மின்சாரத்தையும் நிறுத்தி, கதவுகள் நெரிந்து சிக்கிக்கொள்ளாதபடி அவற்றைச் சற்றே திறந்து வைத்து, இடைவாரை இறுக்கிக்கொள்ள வேண்டும்.

தரையைத் தொடும் வேகம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நன்று. வேகம் இருமடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிவிடும்.

மேலெழுந்த உடனே எஞ்சின் நின்றால் சோதனை இன்னும் கடுமையானது. புறப்பட்ட ஓடுபாதை பின்னால் இருக்கிறது. திரும்பிவிட மனம் துடிக்கும். ஆனால் திரும்புதல் உயரத்தை விழுங்கிவிடும். ஆகவே தாழ்ந்த உயரத்தில், எதிரே தென்படும் வெளியிலேயே இறங்குமாறு ஆசிரியர்கள் கற்பிக்கிறார்கள்.

2015 மார்ச் 5 அன்று அமெரிக்காவின் சாண்டா மோனிக்காவில், திரைப்பட நடிகர் ஹாரிசன் ஃபோர்டு 1942-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட ரையன் விமானத்தில் தனியே புறப்பட்டார். சற்று நேரத்தில் எஞ்சின் வலுவிழந்தது. கார்புரேட்டரின் சிறு உறுப்பொன்று கழன்றிருந்ததைப் பின்னர் விசாரணை கண்டறிந்தது. வேகத்தைக் காத்தபடியே அவர் ஓடுபாதையை நோக்கித் திரும்பினார். எட்டாது எனத் தெரிந்ததும் அருகிலிருந்த கோல்ஃப் மைதானத்தைத் தேர்ந்தார். மரமொன்றின் உச்சியில் மோதி விமானம் தரையில் விழுந்தது. பலத்த காயமடைந்த அவர் உயிர் பிழைத்து நலமடைந்தார். தரையில் இருந்தோர் எவருக்கும் தீங்கில்லை.

விமானம் சிதைந்தால் செப்பனிடலாம், புதிதாகவும் வாங்கலாம். ஓடுபாதை மீதான ஆசையை உரிய நொடியில் விட்டுவிட்டதாலேயே ஃபோர்டுக்கு அந்த மைதானம் கிடைத்தது. நான்கு நிமிடங்களுக்காக விமானிகள் பல மாதங்கள் பயில்வது இதைத்தான்.