புகையா தூக்கியது?

பிரான்சின் அனோனே ஊரில் காகித ஆலை நடத்திய மோங்கோல்ஃபியே சகோதரர்கள், பலூனைத் தூக்குவது புகைதான் என்று நம்பினார்கள். அதற்காகவே ஈர வைக்கோலையும் கம்பளியையும் எரித்தார்கள். நாற்றம்தான் மிச்சம்!

வேலை செய்தது சூடு. சூடான காற்று விரியும், எடை குறையும். 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 1.2 கிலோ, 100 டிகிரியில் 0.95 கிலோதான். ஆக, ஒரு கன மீட்டர் தூக்குவது வெறும் கால் கிலோ. ஆளைச் சுமக்கும் பலூன் வீட்டைவிடப் பெரிதாக இருப்பது இதனால்தான்.

1783 செப்டம்பரில் வெர்சாயில் இந்தச் சகோதரர்களின் பலூனில் செம்மறியாடு, சேவல், வாத்து மூன்றும் பறந்தன (வாத்துக்கு அது புதிதல்ல). அடுத்து மனிதர்களின் முறை: நவம்பர் 21-இல் பிலாத்ர் த ரோசியேயும் தார்லாந்து பிரபுவும் பாரிசின் மேலே சுமார் 25 நிமிடம் மிதந்தார்கள், துணியில் பற்றிய தீப்பொறிகளை ஈர ஸ்பாஞ்சால் அணைத்தபடி.