கூரை மேல் கரையும் டீசல்

ராஜ்கோட்டிலிருந்து துவாரகைக்குச் சுமார் 225 கி.மீ. விடுமுறை நாளின் அதிகாலையில் அந்தச் சாலையைப் பிடிக்கும் பழைய இன்னோவாக்களைப் பார்த்தாலே குஜராத்திக் கூட்டுக் குடும்பம் என்றால் என்னவென்று தெரிந்துவிடும். உள்ளே மூன்று தலைமுறை. காலடியில் தெப்லா டப்பாக்களும் தண்ணீர்க் கேனும். கூரை மேல் கேரியரில் தார்ப்பாய் போர்த்திய பெட்டி படுக்கைகள். ஊர் திரும்பியதும் பெட்டிகள் இறங்கிவிடும். கேரியர் மட்டும் இறங்காது. அடுத்த தீபாவளி வரை காற்றோடு மல்லுக்கட்டியபடி வண்டியோடு ஓடிக்கொண்டிருக்கும்.

அதற்கு விலை உண்டு. கூரையில் ஏற்றும் பெரிய பெட்டி நெடுஞ்சாலையில் 6 முதல் 17 சதவீதம் வரையிலும், ஊருக்குள் 2 முதல் 8 சதவீதம் வரையிலும் மைலேஜைக் குறைக்கும் என்கிறது அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கன வழிகாட்டி. வெறும் கேரியர் அவ்வளவு தின்னாது. ஆனால் ஆண்டு முழுக்கத் தின்னும்.

பெரிய வண்டி என்றால் குடிக்கத்தான் செய்யும் என்று கைகழுவி விடுபவர்கள் அதிகம். கணக்கோ வேறு விதமாக இருக்கிறது. மாதம் 1,500 கி.மீ. ஓடும் வண்டி லிட்டருக்கு 10 கி.மீ. தந்தால் 150 லிட்டர் வேண்டும். அது 12 ஆக உயர்ந்தால் 125 போதும். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 2,250 ரூபாய். இதே தூரம் ஓடும் சிறிய கார் 20-லிருந்து 22-க்கு முன்னேறினாலும் மிச்சம் 7 லிட்டர்கூட இல்லை. 'டீசல்தானே' என்ற பழைய ஆறுதலும் 2014 அக்டோபரில் விலைக் கட்டுப்பாடு நீங்கியதோடு போய்விட்டது.

கேரியருக்கு அடுத்தபடி டயர். எவ்வளவு காற்று வேண்டும் என்பது ஓட்டுநர் பக்கக் கதவோரம் ஒட்டிய தாளில் இருக்கும். ஆள் நிறைந்து போகும்போது பின் டயர்களுக்குக் கூடுதல் அளவு பல வண்டிகளில் தனியாகவே குறிப்பிட்டிருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. பங்க் வரை ஓடிச் சூடேறிய டயர், உள்ளதைவிட அதிகமாகக் காட்டி ஏமாற்றும். சில நூறு ரூபாய்க்கு ஒரு அளவுமானி வாங்கி, காலையில் வண்டி எடுக்குமுன் வீட்டு வாசலிலேயே பார்ப்பது நல்லது. ஓடி நின்றபின் ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகக் கொதித்தால் அங்கே பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். மெக்கானிக்குக்குத் தரும் கூலி சில வாரங்களில் டீசலாகத் திரும்பி வந்துவிடும்.

வேகம்தான் சிக்கலான விஷயம். 1978-இல் தொடங்கப்பட்ட பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சிச் சங்கம் பரிந்துரைப்பது மணிக்கு 45 முதல் 55 கி.மீ. இன்றைய நான்கு வழிச் சாலையில் அப்படிப் போனால் பின்னால் வரும் லாரிக்காரர் ஹாரனிலேயே பாடம் நடத்துவார். 80-ஐத் தாண்டாமல் இருப்பது நடைமுறை சமரசம். 80-லிருந்து 100-க்குப் போகும்போது காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கும் மேலாகிறது. துவாரகை வரை அந்த 100-லேயே சீராகப் போக முடிந்தால்கூட மிச்சமாவது அரை மணி நேரம்தான். ஒரு டீக்கடையில் எட்டுப் பேர் இறங்கி ஏறினால் அதுவும் போய்விடும்.

மவுன்ட் அபு இறக்கத்தில் வண்டியை நியூட்ரலில் உருட்டுவது பலரது சிக்கன உத்தி. கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் இயங்கும் எஞ்சினில் அது வீண். கியரில் இருக்கும்போது காலை எடுத்தால் டீசல் அடைபடும். நியூட்ரலிலோ எஞ்சின் அணையாமலிருக்கவே டீசல் செலவாகும். கூடவே எஞ்சின் தரும் பிடிப்பும் போய், முழுச் சுமையும் பிரேக் மேல் விழும். எட்டு உயிர்களை ஏற்றிக்கொண்டு செய்யக்கூடிய காரியமல்ல. டீசல் குழாயில் மாட்டும் காந்தங்களும் இப்படித்தான். அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு இத்தகைய நூற்றுக்கும் மேற்பட்ட சாதனங்களைச் சோதித்ததில், பயன் தந்தவை மிகச் சில. அந்தப் பயனும் அற்பம்.

எதைச் செய்தாலும் பலனை அளக்க எளிய வழி, டேங்க்கை நிரப்பி ஓட்டி, மறுபடி அதே பங்க்கில் நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுப்பதுதான். இரண்டு மூன்று தடவை பார்த்தால் உண்மை தெரியும்.

பெரும்பாலான கேரியர்களைக் கழற்ற ஒரு ஸ்பேனரும் அரை மணி நேரமும் போதும். கழற்றியதை வைக்க வீட்டில் இடம் தேடுவதுதான் கஷ்டம்.